பம்பரம் மார்க் போட்டோ

சாக்குப் பையில் வந்த கிளவுஸைப் பார்த்ததுமே சோலையம்மாளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எம். புதுப்பட்டியில் இதே பட்டாசுக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷமாகப் பூச்சட்டிக்கு வெடிமருந்து அடைக்கிறாள். ஒரு நாளும் கிளவுஸ் கொடுத்ததில்லை.

"மாட்டுங்கத்தா. சின்ன மொதலாளி போட்டோ எடுக்காக" என்றார் போர்மேன் மொக்கைச்சாமி.

"எதுக்குண்ணே?"

"நம்ம பம்பரம் மார்க்க கம்ப்யூட்டர்ல ஏத்தப் போறாக. ஆர்க்குட்டாம். ஒலகம் பூராப் பாக்குமாம்."

"வெடிச்சுச் செத்தாத்தான எங்கள போட்டோ எடுப்பாக?"

பக்கத்தில் இருந்த ராக்காயி சொன்னாள்: "அதுக்கும் இதுவே ஆகும். நல்லாச் சிரிடி."

சென்னையில் படித்துவிட்டு வந்திருந்த சின்ன முதலாளி புகழேந்தி வாசலில் நின்றபடியே கேமராவுக்குள் பார்த்தான். "நாலு பேரு பத்தல. எடம் காலியாத் தெரியுது."

"ஒரு ரூமுக்கு நாலு பேருதான் தம்பி. செவுத்துலயே எழுதியிருக்கு" என்றாள் சோலையம்மாள்.

"ரெண்டு நிமிஷம்தாங்க்கா."

பக்கத்து ரூம்களிலிருந்து ஆறு பேர் வந்து நெருக்கி உட்கார்ந்தார்கள். போட்டோ எடுத்து முடிந்ததும் மொக்கைச்சாமி கிளவுஸை உருவி உருவிச் சாக்கில் போட்டுக்கொண்டார்.

இருபது நாள் கழித்துச் சோதனைக்கு ஆபீசர்கள் வந்தார்கள். கையில் அந்தப் போட்டோவின் கலர் பிரிண்ட். நாலு பேர் ரூமில் பத்துப் பேர். ரூமுக்குச் சீல் வைத்துவிட்டுப் போனார்கள். தீபாவளி சீசன் நேரம்.

மறுநாள் சோலையம்மாளை ஆபீசுக்குக் கூப்பிட்டார்கள். பெரிய முதலாளி சண்முகவேல் முன்னால் அந்தப் பிரிண்ட் கிடந்தது. மூலையில் புகழேந்தி கம்ப்யூட்டரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

"ஒம் மக சாத்தூர்ல கம்ப்யூட்டர் படிக்காளாமே?"

"ஆமாங்க மொதலாளி."

"பிரௌசிங் சென்டருக்கெல்லாம் போவாளோ?"

கேள்வி எங்கே போகிறது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. காட்டிக் கொடுத்தவள் என்று இங்கே துரத்தினால் இந்தப் பக்கத்தில் வேறெந்தக் கம்பெனியும் சேர்க்காது. மகள் பானுப்பிரியாவுக்கு இன்னும் ஒரு வருஷப் படிப்பு பாக்கி.

"செல்போன ஒளிச்சுக் கொண்டாந்து, ஆள வச்சு எடுத்திருக்கா மொதலாளி. மக அத ஏத்தி விட்ருக்கா" என்றார் மொக்கைச்சாமி. அன்றைக்குச் சாக்கைப் பிடித்துக்கொண்டு நின்ற அதே ஆள்தான். கண் மட்டும் தரையில் இருந்தது.

அவள் பிரிண்டைக் கையில் எடுத்தாள். பத்து முகம். நடுவில் அவள் முகம், சிரிக்காமல். முகங்களை விட்டுவிட்டுக் கைகளைப் பார்த்தாள்.

"ஏண்ணே, எங்க கையில கெடக்கது என்ன?"

மொக்கைச்சாமி எட்டிப் பார்த்துவிட்டு ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.

"கிளவுஸ். இத எங்களுக்கு எத்தன நாளு குடுத்தீக? அன்னைக்கு ஒரு மணி நேரம். அந்த ஒரு மணி நேரத்துல அங்கன இருந்தது ஒரு கேமராதான்."

முதலாளி மகன் பக்கம் திரும்பினார். அவன் திரும்பாமலே சொன்னான்: "எல்லாரும் பாக்கணும்னுதானப்பா போட்டேன். அதுல ஆபீசரும் பாத்திருக்காரு."

சண்முகவேல் பிரிண்டை நாலாக மடித்து மேசை டிராயருக்குள் வைத்தார். "போயி வேலயப் பாரு." தப்பாக நினைத்துவிட்டோம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

எட்டாம் நாள் சீல் எடுத்தார்கள். பத்தாம் நாள் சாக்குப் பையோடு மொக்கைச்சாமி வந்தார், பின்னாலேயே கேமராவோடு புகழேந்தி. மார்க்கின் பேர் கெட்டுவிட்டதாம், நாலு பேரோடு சுத்தமாக ஒரு போட்டோ போட்டால் சரியாகிவிடுமாம்.

சோலையம்மாள் கிளவுஸை மாட்டவில்லை. அதை மடியில் வைத்துக்கொண்டு ராக்காயியைப் பார்த்து, "நீ செத்த வெளிய போ" என்றாள். பிறகு வாசலைப் பார்த்தாள்.

"நாங்க மூணு பேரு. நாலாவதா நீங்க வந்து ஒக்காருங்க தம்பி. போர்மேன் எடுக்கட்டும். நாளப்பின்ன யாரு எடுத்தா, யாரு இருந்தான்னு கேள்வி வராதுல்ல."

புகழேந்தி மருந்துத் தட்டைப் பார்த்தான். கதவுக்கு உள்ளே, அவன் காலடியிலிருந்து ரெண்டு முழத்தில் இருந்தது தட்டு. செருப்பைக் கழற்றாமல் மருந்து ரூமுக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. செருப்பை அவன் கழற்றவில்லை.