சிவப்புச் சீட்டு

மண்குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள் கமலவேணி. காரியம் நடத்த வந்த அப்பாசாமி இரண்டு முறை கையை நீட்டிப் பார்த்தார். அவள் குடத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தாளே தவிர விடவில்லை.

“அக்கா, கொடத்தக் குடுங்க. மூணரைக்கு மின்சுடலையில பேர் குடுத்திருக்கு. அத விட்டா நாளைக்குத்தான்.”

“நாளைக்குன்னா நாளைக்கு.”

கூடத்தின் நடுவில் பெட்டிக்குள் அவள் தம்பி பொன்னுதுரை கிடந்தான். முப்பத்தெட்டு வயது. குளிப்பாட்டி, விபூதி பூசி, வாய்க்கரிசியும் போட்டாயிற்று. குடம் சுமந்து கொள்ளி வைக்க வேண்டியவன் மட்டும் வாசல் பந்தலில், இடுப்பில் வெள்ளை வேட்டியோடு நின்றுகொண்டிருந்தான். சேதுபதி. சித்தப்பா மகன். பொன்னுதுரைக்குக் கலியாணம் ஆகவில்லை, அப்பாவும் இல்லை, கூடப்பிறந்த ஆணும் இல்லை. பங்காளி முறையில் அவனைத் தவிர வேறு யாரும் கிடையாது.

கொஞ்ச நேரம் முன்பு வரை கமலவேணி எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டுதான் இருந்தாள். கெடுத்தது அலமேலு சித்தி. சேதுபதியைப் பெற்ற புண்ணியவதி. பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வந்தவர்களிடமெல்லாம் மூக்கைச் சிந்திச் சிந்திச் சொல்லிக்கொண்டிருந்தாள். “எந்நேரமும் கம்ப்யூட்டரே கதின்னு கெடந்தான். அந்த கேம்ஸ்லயும் கள்ளத்தனம் பண்ணி மாட்டிக்கிட்டான். எம்மவன் எவ்ளோ மனசு ஒடஞ்சு போனான் தெரியுமா?”

பிணத்தின் தலைமாட்டில் உட்கார்ந்து இப்படிப் பேச ஒருத்திக்கு நாக்கு எப்படி வருகிறது? கமலவேணி எழுந்து போய்க் குடத்தை எடுத்துக்கொண்டாள்.

பொன்னுதுரையின் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு ஐந்து வருடம் ஆகியிருந்தது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். ஆயர் குரோ தொழிற்பேட்டையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டுவிட்டு, வீட்டு முன்னறையில் உட்கார்ந்து கம்ப்யூட்டர் பழுது பார்த்தான். மற்றவர்கள் இனி ஆகாது என்று தூக்கிப் போடும் பெட்டிகள்தான் அவனிடம் வரும். விண்டோஸை எடுத்துவிட்டு இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் போட்டு, அதில் பாடமும் ஓடவைத்துத் தருவான், விளையாட்டும் ஓடவைத்துத் தருவான். பக்கத்துக் கம்போங் செட்டியில் சந்திரமதி வீட்டில் இருக்கும் பழைய பெட்டிகூட அவன் உயிர் கொடுத்ததுதான். அங்குள்ள செட்டி வம்சத்தார் மலாய்தான் பேசுவார்கள், அந்த அம்மாளுக்கும் தமிழ் வராது. காலையில் மாலை போட்டுவிட்டு, “ஓராங் பாய்க், ஓராங் பாய்க்” என்று, நல்ல மனிதன் என மலாயில் சொல்லி அழுதுவிட்டுப் போனாள். தமிழ் தெரிந்தவர்களுக்கு அது சொல்ல வரவில்லை.

அவனிடம் ஒரு நீளமான நோட்டுப் புத்தகம் உண்டு. எந்த கிராபிக்ஸ் கார்டு எந்த வகை லினக்ஸோடு ஒத்துப்போகும் என்று தமிழில் எழுதி வைத்திருந்தான். ‘இந்தக் கார்டை ஓட்டுற டிரைவர் உள்ளேயே இருக்கு, மின்ட் லினக்ஸே போதும். இது புதுசு, பெடோரா போடு. இந்த வைபை எதோடும் சேராது, வாங்காதே.’ பொருள் வாங்குவதற்கு முன்னால் அவனிடம் வந்து கேட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. பொருத்தம் பார்ப்பது என்றுதான் அவனே அதைச் சொல்வான். “ஊரான் பொட்டிக்கெல்லாம் பொருத்தம் பாக்கிற, ஒனக்கு ஒண்ணு பாத்துக்க மாட்டேங்கிறியே” என்று கமலவேணி கிண்டல் செய்வாள். “எனக்கு டிரைவர் கெடைக்கலக்கா” என்பான்.

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் சாயங்காலம் ஆறு மணிக்கு அவன் விளையாட உட்காருவான். ஐந்து பேர் சேர்ந்து ஒரு கோட்டையைக் காக்கும் விளையாட்டு. ஐவரும் அவரவர் வீட்டிலிருந்து ஆடுவார்கள். சேதுபதிதான் கேப்டன். அவனுடைய கம்ப்யூட்டரையும் பொன்னுதுரைதான் கட்டிக் கொடுத்தான். இருவரும் ஒன்றாகப் போய் ஒரே கார்டு வாங்கி, ஒரே லினக்ஸ் போட்டு, ஒரே நாளில் ஓடவைத்தார்கள். இரட்டைப் பிள்ளைகள் என்று இரண்டு பெட்டிகளையும் தட்டிக் கொடுத்தான் பொன்னுதுரை. அந்த ஒரு மணி நேரத்தில் அவன் போடும் சத்தம் சமையலறை வரை கேட்கும். மற்ற நேரமெல்லாம் ஊசியும் அளந்து குடிக்கும் தண்ணீரும்தான். அந்த ஒரு மணி நேரம் அவன் நோயாளி இல்லை.

ஜனவரியில் அந்த விளையாட்டுக் கம்பெனி எதையோ மாற்றியது. கள்ள ஆட்டம் ஆடுகிறவர்களைப் பிடிக்க ஒரு புதுக் காவல் நிரலை ஒவ்வொரு பெட்டியாக உள்ளே விட்டது. அதற்கு லினக்ஸ் புரியவில்லை. புரியாததைக் கள்ளம் என்று முடிவு கட்டிவிட்டது. ஆட்டத்தின் நடுவில் ஐந்து பேர் திரையிலும் எழுத்து வந்தது. ‘பொன்னுதுரை மோசடிக்காக நிரந்தரமாக நீக்கப்பட்டார்.’

அன்றைக்கே குழு வாட்ஸ்அப்பில் சேதுபதி எழுதினான். ‘கள்ள ஆட்டம் ஆடுறவனோட நாங்க வெளையாடறதில்ல.’ அதற்குப் பிறகு ஏழு மாதம் இந்த வாசல் பக்கமே அவன் வரவில்லை. ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை.

பொன்னுதுரை கம்பெனிக்கு மேல்முறையீடு எழுதினான். பதினோரு முறை. பதினோரு முறையும் ஒரே பதில் வந்தது. பரிசீலித்தோம், முடிவில் மாற்றமில்லை, காரணம் தெரிவிக்க இயலாது.

“ஒரு கேமுக்குப் போயி மனு போடறியா? வெக்கமா இல்ல?” என்று முதலில் கமலவேணியும் சிரித்தாள். அதை நினைத்தால் இப்போது தன்னையே அறைந்துகொள்ளலாம் போல இருந்தது. அந்தப் பதிலை ஒருநாள் அவளே வாங்கிப் படித்தபோதுதான் அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

குருபோங்கில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பத்தொன்பது வருடமாகப் பொருளின் தரம் பார்ப்பவள் அவள். ஒரு பொருளைக் கழித்துக்கட்ட வேண்டுமென்றால் அதில் சிவப்புச் சீட்டு கட்ட வேண்டும். என்ன பொருள், என்ன குறை, யார் பார்த்தது என்று மூன்று வரி. குறையை எழுதாமல் கட்டினால் சீட்டு செல்லாது, கட்டியவளைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்குவார்கள். இரண்டு வெள்ளி விலை பெறாத பிளாஸ்டிக் மூடிக்கே அந்த மரியாதை உண்டு. அவள் தம்பிக்கு இல்லையாம்.

பன்னிரண்டாவது கடிதத்தை அவளே தட்டினாள். அவனுக்குக் கை வீங்கியிருந்தது. முந்தாநாள் ஆஸ்பத்திரியில் மூச்சுக் குழாயை விலக்கிவிட்டு அவன் கேட்ட கடைசிக் கேள்வி, “அக்கா, பதில் வந்துச்சா?” என்பதுதான்.

சேதுபதி பந்தலிலிருந்து உள்ளே வந்தான். எல்லோரும் அவனையே பார்த்தார்கள்.

“அக்கா, என்னாக்கா இது? எல்லாரும் பாக்கிறாங்க.”

“பாக்கட்டும். என் தம்பி கள்ளனா இல்லையா? சொல்லிட்டு கொடத்த வாங்கிக்கோ.”

“சாவு வீட்டுல இதெல்லாமா பேசறது? வெறும் கேம்தானே லா, விடுங்க.”

“வெறும் கேம்தானே? அப்ப ஏன்டா ஏழு மாசம் அவங்கூடப் பேசல?”

“நானாக்கா சொன்னேன்? கம்பெனி சொல்லிச்சு.”

“என்னா தப்புன்னு சொல்லிச்சா?”

“அதெல்லாம் சொல்ல மாட்டாங்க.”

“எப்படிப் பண்ணான்னாவது சொல்லிச்சா?”

“இல்ல.”

“வேணி, பொணத்த வச்சிக்கிட்டு எம்புள்ளைய நிக்க வச்சிக் கேள்வி கேக்கிறியா?” என்று அலமேலு சித்தி எழுந்தாள்.

“நீங்க ஒக்காருங்க சித்தி. பொணத்த வச்சிக்கிட்டு நீங்க பேசினத நான் கேட்டுக்கிட்டுத்தான இருந்தேன்.” கமலவேணி சித்தியின் பக்கம் திரும்பக்கூட இல்லை. “சேது, ஒனக்கும் அவனுக்கும் ஒரே கார்டு. ஒரே லினக்ஸ். ஒரே நாள்ல அவன் கையாலயே கட்டினது. எங்க வேலையில ஒரே பேட்ச்சுல வந்த ரெண்டு பீஸுல ஒண்ண ரிஜெக்ட் பண்ணி ஒண்ண பாஸ் பண்ணா, மொத பாஸான பீஸத்தான் திருப்பி எடுத்துப் பாப்போம். அவன் பொட்டியப் பாத்துக் கள்ளன்னு சொன்னாங்களே, ஒன் பொட்டியப் பாத்து ஏன் சொல்லல?”

சாம்பிராணிப் புகை சேதுபதியின் முகத்துக்கு நேராகப் போயிற்று, அவன் விலகவில்லை.

“கேக்கிறேன்ல?”

“சொன்னாங்க.”

“என்னா?”

“என்னையும் தூக்கிட்டாங்கக்கா. மார்ச்சுல. அதே எழுத்துத்தான் வந்துச்சு. நான் தனியா ஆடிக்கிட்டு இருந்தேன், யாருக்கும் தெரியாது. அப்பறம் விண்டோஸ் பொட்டி ஒண்ணு வாங்கி, வேற பேருல சேந்துக்கிட்டேன்.”

கூடத்தில் யாருக்கும் விஷயம் முழுதாக விளங்கவில்லை. ஆனால் அவன் குரல் போன போக்கு விளங்கிற்று. அலமேலு சித்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

கமலவேணி விரல் விட்டு எண்ணினாள். மார்ச், ஏப்ரல், மே, ஜூன், ஜூலை. அந்த ஐந்து மாதமும் அவள் தம்பி சாயங்காலம் ஆறு மணிக்கு எழுந்து முன்னறைக்குப் போய், கம்ப்யூட்டரைப் போடாமல், திரையைத் துணியால் துடைத்துவிட்டுத் திரும்பிவந்து படுத்துக்கொண்டான்.

“அவன்மேல தப்பில்லன்னு ஒனக்கு மார்ச்சுலயே தெரியும்.”

“சொன்னா என்னையும் கள்ளன்னு நெனப்பாங்கக்கா. கேப்டனா இருந்துக்கிட்டு…”

“நெனச்சா என்னாடா? செத்தா போயிருப்ப?”

அப்பாசாமி மணியைப் பார்த்தார். வாசலில் பிண வண்டியின் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு வேலியில் சுதந்திர மாதத்துக்காகக் கட்டிய சின்னக் கொடிகள் வரிசையாக ஆடின.

“போன எடு,” என்றாள் கமலவேணி. “அந்தக் குரூப்புல எழுது. எங்க அவனக் கள்ளன்னு போட்டியோ, அதே எடத்துல.”

சேதுபதி வேட்டி மடிப்பிலிருந்து போனை எடுத்தான். எதையோ தட்டிவிட்டு அவளிடம் காட்டினான். ‘பொன்னுதுரை ஏமாத்தல. கேமோட காவல் நிரல்தான் லினக்ஸைத் தப்பாப் புரிஞ்சுக்கிச்சு. எனக்கும் அதேதான் நடந்தது.’

“தேதி எங்க?”

“என்னா தேதி?”

“எப்போலேருந்து ஒனக்குத் தெரியும்னு தேதி போடு. தெரிஞ்சும் சொல்லலன்னு போடு. அதுதான்டா குறை.”

போட்டான். அனுப்பப் போனவனை ஒரு குரல் நிறுத்தியது. சுவரோரம் நாற்காலியில் இருந்த அவள் அம்மா பொன்னம்மா. மகனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த நேரத்திலிருந்து அவள் வாய் திறக்கவே இல்லை.

“அத மொதல்ல இங்க படி சேது,” என்றாள். “சத்தமா படி. பொன்னு கேக்கட்டும்.”

அவன் பெட்டியின் கால்மாட்டில் நின்று படித்தான். நான்கு வரிதான். நான்காவது வரியில் குரல் உடைந்து, திரும்ப முதலிலிருந்து படிக்க வேண்டியதாயிற்று. பிறகு அனுப்பினான். கமலவேணியின் கைப்பைக்குள் இருந்த பொன்னுதுரையின் போன் ஒருமுறை அதிர்ந்தது.

அவள் எழுந்து குடத்தை அவன் தோளில் வைத்தாள். மன்னித்துவிட்டாள் என்று யாரும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முறை அவனுடையது, அதனால் கொடுத்தாள்.

வண்டி தெரு முனை திரும்பியதும் பெண்கள் வீட்டைக் கழுவ ஆரம்பித்தார்கள். கமலவேணி முன்னறைக்குப் போனாள். மேசையில் நோட்டுப் புத்தகம் விரித்தபடி இருந்தது. கடைசியாக எழுதிய பக்கத்தில் யாருக்கோ ஒரு கார்டுக்குப் பொருத்தம் பார்த்து, பாதியில் நின்றிருந்தது. கைப்பைக்குள் போன் விட்டு விட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. குழுவில் ஒவ்வொருவராகப் பதில் போடுகிறார்கள் போல. இப்போது எழுதி என்ன, எழுதாவிட்டால் என்ன என்று வந்தது அவளுக்கு. போனை நிறுத்திவிடலாம் என்று எடுத்தாள்.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு மின்னஞ்சல் இருந்தது. பன்னிரண்டாவது மேல்முறையீட்டுக்குப் பதில்.

வணக்கம் பொன்னுதுரை. உங்கள் கோரிக்கையைக் கவனமாகப் பரிசீலித்தோம். முடிவில் மாற்றமில்லை. காரணம் தெரிவிக்க இயலாது. எங்கள் சேவை உங்களுக்கு எப்படி இருந்தது? ஐந்து நட்சத்திரங்களுக்கு மதிப்பிடுங்கள்.

அவள் அதை இரண்டு முறை படித்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். நேற்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தபோது வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்த கைப்பைதான் அது. அடியில் துழாவினாள். முகக்கவசம், கையுறை, அதற்குக் கீழே கயிறு கட்டிய சிவப்புச் சீட்டுகள் நாலைந்து.

ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்து, பேனாவால் அழுத்தி எழுதினாள்.

பொருள்: பதில் கடிதம், பன்னிரண்டாவது.

குறை: காரணம் எழுதப்படவில்லை.

சோதித்தவர்: கமலவேணி.

தேதியையும் போட்டாள். கம்ப்யூட்டர் திரையைத் தாங்கும் காலில் சீட்டின் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, இழுத்துப் பார்த்து முடிச்சுப் போட்டாள்.

கூடத்திலிருந்து யாரோ துடைப்பம் கேட்டார்கள். கதவுக்குப் பின்னால் இருந்ததை எடுத்துக்கொண்டு, ஈரத்தில் கால் வழுக்காமல் மெதுவாக நடந்து போனாள்.