வெள்ளித்தாள் கூடைகள்

பெரிய வெள்ளிக்கிழமை முடிந்த மறுநாள், விடிந்ததிலிருந்து சூசை ஒரே பாட்டாகப் பாடிக்கொண்டிருந்தான். கூடை எப்போது செய்வோம், கூடை எப்போது செய்வோம். ஜப்பான் சண்டைக்கு முன்னால் கன்னியாஸ்திரீகள் ஈஸ்டர் பாஸ்காவுக்குக் காகிதக் கூடையில் சாயமேற்றிய முட்டை வைத்துக் கொடுப்பார்களாம். அவனுக்கு அதெல்லாம் நினைவிருக்க நியாயமில்லை. அப்போது மூன்று வயது. அக்கா புஷ்பம் சொல்லிச் சொல்லி, கண்ணால் பார்த்தவனைப் போல அடம்பிடித்தான்.

அம்மா அருளாயிக்குக் கையைத் தூக்கவும் தெம்பில்லை. பசி ஒரு பக்கம் இருக்கட்டும். மலாக்காவின் காஜா பெராங்கில் அப்போது பசிக்காதவர்கள் யார். அவளை அடித்துப் போட்டது வேறொன்று. வாயை மூடிக்கொண்டு இருப்பது இவ்வளவு பெரிய வேலை என்று அவளுக்கு அதற்கு முன் தெரியாது.

புருஷன் ஞானமுத்து லாரி ஓட்டியவன். மூன்று மாத வேலை, நல்ல சாப்பாடு என்று சொல்லி, சயாமில் ரயில் பாதை போட அவனைப் போன வருஷம் ஜப்பான்காரர்கள் கொண்டுபோனார்கள். அன்று ராத்திரி சூசை அழுத அழுகைக்கு, "பாஸ்காவுக்கு அப்பா வந்துடுவாருடா" என்று சொல்லிவைத்தாள். வாய்க்கு வந்ததைச் சொன்னதுதான். அதற்குப் பிறகு அவன் அழும்போதெல்லாம் அதே சொல்லை எடுத்து நீட்டினாள். பிள்ளைகள் அதைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டுவிட்டார்கள்.

பாஸ்காவுக்கு முந்தைய நாற்பது நாள் தபசுகாலம் தொடங்கிய வாரத்தில் மரவள்ளி வாங்கக் குருபோங் பக்கம் போனவளை, ரப்பர் மரங்களுக்குள்ளிருந்து யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டார்கள். தம்பிராஜா. ஞானமுத்துவோடு ஒரே லாரியில் ஏறிப் போனவன். எலும்பும் தோலுமாக நின்றான்.

"அக்கா, அண்ணன் வாந்திபேதியில போயிட்டாரு. நான்தான் மண்ணு தள்ளுனேன்" என்றான். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "நான் ஓடி வந்துட்டேன்கா. இங்க இருக்கேன்னு தெரிஞ்சா தலைய எடுத்துருவானுங்க. வெளிய சொல்லிடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டான்.

அவள் சொல்லவில்லை. கோயில் சாமியாரிடம் போய்ச் செத்தவனுக்கு ஒரு பூசை கேட்டிருந்தால், யார் சொன்னது என்ற கேள்வி வரும். கறுப்புச் சேலை கட்டினால் தெருவே கேட்கும். அதனால் தாலியோடு தெருவில் நடந்தாள், தண்ணீர் இறைத்தாள், அழ வேண்டியதை அழாமல் வைத்துக்கொண்டாள். எப்படியாவது பாஸ்கா கழியட்டும், பிள்ளைகள் ஒருநாள் சிரித்துவிடட்டும், அப்புறம் புஷ்பத்திடமாவது சொல்லிவிடலாம் என்று ஒரு தவணை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தத் தவணை நாளைக்கு.

கூடைக்குக் காகிதம் வேண்டுமே. ஊரில் காகிதம் எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளே வாழை இலையில் எழுதிப் பழகுகிற காலம். ஜாலான் துக்காங் எமாஸ் பக்கம் ஒரு சீனர் கடையில் மட்டும் கட்டுக்கட்டாக இருந்தது, சீனர்கள் சாமிக்குக் கொளுத்துகிற காகிதம். நடுவில் பொன்நிறத் தகடு ஒட்டியது ஒரு வகை, வெள்ளித் தகடு ஒட்டியது ஒரு வகை. பொன் பெரிய சாமிக்கு, வெள்ளி சின்ன சாமிக்கு என்று அருளாயி தானாகவே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டாள். பிறந்ததிலிருந்து மலாக்காவில் இருப்பவள்தான். ஆனால் வேற்றுச் சாமிக்குப் புகை போடும் இடத்தைப் பார்க்காதே என்று வளர்த்த வீடு அவளுடையது. தெரிந்துகொள்ள அவளும் நின்றதில்லை. கடைக்காரியிடம் ஒரு கட்டு மரவள்ளிக் கொழுந்தைக் கொடுத்தாள். அவள் வெள்ளித்தாளில் கொஞ்சம் எண்ணிக் கொடுத்தாள்.

மத்தியானம் பாயை விரித்து மூவரும் உட்கார்ந்தார்கள். புஷ்பத்துக்குப் பதினொரு வயது, கை சுத்தம். தாளை இப்படி மூன்றாக, அப்படி மூன்றாக மடித்துப் பிரித்தாள். ஒன்பது கட்டம் விழுந்தது. இரண்டு ஓரத்தில் கத்தரிக்கோலால் நறுக்கி, மூலைகளை உள்ளே மடக்கி ஒட்டினால் நான்கு சுவர் எழும்பி நிற்கிறது. அதற்கென்றே அளவெடுத்து ஒட்டியதுபோல வெள்ளித் தகடு கூடையின் அடியில் வந்து உட்கார்ந்தது.

"அம்மா, உள்ள பாருங்க, மின்னுது" என்றான் சூசை.

பசை மரவள்ளி மாவில் காய்ச்சியது. சூசை ஒட்டியதைவிட நக்கியது அதிகம். அருளாயி அதட்டவில்லை. வயிற்றுக்குள் போகிற பசை வீண் போகாது. அவள் கைப்பிடிக்கு நீளத் துண்டுகள் நறுக்கினாள். கத்தரிக்கோல் மொட்டை, விரல் வலித்தது.

முட்டைக்குப் பதிலாக மரவள்ளி மாவை உருட்டி அவித்து, பக்கத்து வீட்டு வேலியில் புஷ்பம் பறித்து வந்த சங்குப்பூச் சாற்றில் போட்டிருந்தார்கள். நல்ல நீலமாக வந்திருந்தன. கூடைக்கு ஒன்று. அக்காவுக்கு ஒன்று, தம்பிக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று.

"அப்பாவுக்கு?" என்றான் சூசை.

நாலாவது கூடையை அவனே ஒட்டினான். ஒரு பக்கம் சாய்ந்துகொண்டு நின்றது. மிச்சமிருந்த உருண்டையை அதில் போட்டு, மாதா படத்து அலமாரியில் எக்கி வைத்துவிட்டு, "நாளைக்கு வந்து எடுத்துக்குவாரு" என்றான். பிறகு பசைச் சட்டியை வழித்துத் தின்பதற்குக் கிணற்றடிக்குத் தூக்கிக்கொண்டு போனான்.

அருளாயிக்கு அப்படியே பாயில் சாய்ந்துவிடலாம் போல இருந்தது.

அந்த நேரத்தில்தான் பக்கத்து வீட்டு பீபி வந்தாள். மலாய் பேசும் பழைய சீனக் குடும்பத்துக் கிழவி. வேலியில் பூ குறைந்ததற்குக் காரணம் கேட்டு வந்தவள். முப்பது வருஷப் பழக்கத்தில் அவள் மலாய் அருளாயி காதில் தமிழாகவே விழும். வாசலில் கால் வைத்தவள், பாயில் இருந்த கூடைகளைப் பார்த்ததும் பூவை மறந்துவிட்டாள்.

"அருளாயி, இந்தத் தாள் எங்கே கிடைத்தது? இது செத்தவர்களுக்கு. போன வாரம்கூடப் புக்கிட் சீனாவில் என் புருஷன் கல்லறையில் இதைத்தான் எரித்தேன். பொன்தாள் சாமிக்கு, வெள்ளித்தாள் பிணத்துக்கு. பிள்ளைகள் கையில் கொடுத்திருக்கிறாயே. உயிரோடு இருக்கிறவர்கள் பேருக்கு இதில் ஒன்றும் செய்யக் கூடாது. அவர்கள் பேர் சொல்லிச் சாவைக் கூப்பிட்டதுபோல் ஆகிவிடும். யார் பேரும் சொல்லாமல் எரித்துவிடு, இப்போதே."

வேறு நாளாக இருந்தால், நாங்கள் வேதக்காரர்கள் பீபி, எங்களுக்கு இதெல்லாம் கிடையாது என்று அருளாயி சொல்லியிருப்பாள். அன்றைக்கு அவளுக்கு அந்தத் தைரியம் இல்லை. ஒன்று போய்விட்டது, மிச்சமிருப்பது இரண்டு. பாயில் இருந்த கூடைகளை வாரினாள். நீல உருண்டைகளைத் தட்டில் கொட்டினாள். புஷ்பத்தின் கூடை, சூசையின் கூடை, தன் கூடை, மூன்றையும் அடுப்பில் போட்டாள். காய்ந்த தாள், ஒரே மூச்சில் பற்றிக்கொண்டது.

கையைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

"அம்மா, அப்பாவோடது அங்க இருக்கு" என்றாள் புஷ்பம்.

"அது இருக்கட்டும்."

சொன்ன பிறகுதான் தன் காதிலேயே அது விழுந்தது. களைத்த வாய்க்குக் காவல் கிடையாது.

"இருக்கட்டுமா?" புஷ்பம் அலமாரியைப் பார்த்தாள், அடுப்பைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். "நம்ம மூணு பேரோடதத்தான் எரிச்சீங்க. உசிரோட இருக்கறவங்களுக்குத்தானே ஆகாதுன்னு பீபி சொன்னாங்க."

அருளாயிக்குள் இத்தனை நாளாகச் சுரந்துகொண்டிருந்த பொய், தேவையான நேரத்தில் வற்றிப்போயிருந்தது.

"எப்பம்மா தெரியும்?"

"தபசு தொடங்குனப்ப."

பீபி மெல்ல வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள். புஷ்பம் அழவில்லை. வந்து அம்மாவின் முதுகில் கன்னத்தை வைத்து நின்றாள். அழுதது அருளாயிதான், சத்தமில்லாமல், சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு. துக்கத்தோடு வெட்கமில்லாத ஓர் ஆறுதலும் சேர்ந்து வந்தது. இனித் தனியாகச் சுமக்க வேண்டாம். ஆனால் அதில் பாதியை ஒரு சின்னப் பெண்ணின் தோளில் இறக்கிவிட்டோமே என்று உடனே நெஞ்சு எரிந்தது.

"அப்படியானால் அதை எரி" என்றாள் பீபி. "அது அவனுக்குரியது. போய்ச் சேரட்டும்."

இது பாவமா என்று யோசித்தாள் அருளாயி. ஒரு பூசை இல்லை, ஒரு மெழுகுவத்தி இல்லை. செத்தவனுக்கு இந்த வீட்டிலிருந்து இதுவரை ஒன்றுமே போகவில்லை. சூசை ஒட்டிய கூடையாவது போகட்டும். சாமியாரிடம் பின்னால் சொல்லிக்கொள்ளலாம்.

புஷ்பம் எக்கிக் கூடையை எடுத்தாள். உருண்டையை வெளியே எடுத்துத் தட்டில் வைத்தாள். திங்கிற பொருளை யாரும் தீயில் போடுகிற காலமா. சாய்ந்த கூடையை இரண்டு கையாலும் பிடித்து அடுப்பில் வைத்தாள். வெள்ளித் தகடு சுருண்டு கறுத்தது. அருளாயி சிலுவை போட்டுக்கொண்டாள்.

வாயைச் சுற்றிப் பசை காய்ந்த முகத்தோடு சூசை உள்ளே வந்தான். அலமாரியைப் பார்த்தான், தட்டைப் பார்த்தான்.

"கூடையெல்லாம் எங்க?"

"கெட்ட காகிதம்டா. எரிச்சுட்டோம்" என்றாள் புஷ்பம்.

முகம் கோணியது. ஆனால் கண் உருண்டைகளை விட்டு நகரவில்லை. தன்னுடையதை ஒரே வாயில் போட்டான். அப்புறம் நாலாவதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான்.

"இது அப்பாவோடது. வந்தா கேப்பாருல்ல?"

புஷ்பம் அம்மாவைப் பார்த்தாள். அருளாயி தட்டை அவன் பக்கம் தள்ளினாள்.

"கேக்க மாட்டாருய்யா" என்றாள். "நீ சாப்பிடு."