வேலிக்குத் தெற்கே

ஏப்ரல் பாதி கழிவதற்குள் எல்டா தன் மாடுகளைக் கன்றுகளோடு தெற்கு மேய்ச்சலுக்குத் திறந்துவிட்டாள். எங்கள் சமவெளியில் மே பிறக்காமல் யாரும் அந்தக் காரியத்தைச் செய்ய மாட்டார்கள். ஏப்ரல் கடைசி வரை பனிப்புயல் வரலாம், அங்கே ஒதுங்க ஒரு மரம் கிடையாது. ஆனால் ஒரு வாரமாகத் தெற்குக் காற்று வெதுவெதுப்பாக வீசியது, புல் பச்சை கட்டிவிட்டது. இந்த ஊர் வானம் இப்படித்தான் பல்லைக் காட்டி ஆளைக் கவிழ்க்கும். தெரிந்தவர்களும் கவிழ்வார்கள்.

தானியக் கிடங்கில் காப்பி குடித்துக்கொண்டிருந்த ஹோமர் கிழவர் அவளைப் பார்த்ததும் ஆரம்பித்துவிட்டார். "என்ன எல்டா, கோடையக் கையப் புடிச்சுக் கூட்டிட்டு வந்துட்டியாக்கும்?"

"குளிரெல்லாம் உங்கள மாதிரி கிழடுகளுக்குத்தான்," என்று சிரித்துவிட்டு வந்தாள்.

சிரிப்புக்குப் பின்னால் இருந்த கதை வேறு. போன கோடை மழை பொய்த்துப் போனதால் அவளிடம் வைக்கோல் தீர்ந்துவிட்டது. தெற்கு வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தன் லீலண்டின் வைக்கோல் போர்கள் வரிசையாக நின்றன. அவனிடம் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் என்பது அவள் எண்ணம். புருஷன் ட்வெயின் செத்த வருஷம் நிலத்தைப் பிரித்தபோது காற்றாலைக் கிணறு யாருக்கு என்று வார்த்தை தடித்து, சொல்லக்கூடாததெல்லாம் சொல்லி முடித்திருந்தார்கள். அதன் பிறகுதான் லீலண்ட் இரும்புக் கால் நட்டு, முள்கம்பியை முறுக்கி இழுத்து அந்த வேலியைப் போட்டான். அன்றிலிருந்து பேச்சு இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் தெற்குக் காற்று சட்டென்று நின்றது. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த எல்டா வடக்கே திரும்பிப் பார்த்தாள். அடிவானம் கருநீலமாக எழுந்து வந்துகொண்டிருந்தது. மாடுகளை ஓட்டிவர வண்டியைக் கிளப்புவதற்குள் மழை, மழையோடு பனிக்கட்டி, பிறகு வெறும் வெள்ளை. வண்டி மேய்ச்சல் வாசலிலேயே சேற்றில் புதைந்துவிட்டது.

புயலில் மாடு என்ன செய்யும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். காற்றுக்கு முதுகைக் காட்டி நடக்கும். வேலி தடுத்தால் அங்கேயே நிற்கும், பின்னால் வருவது முன்னால் நிற்பதை நெருக்கும், மூக்கில் பனி உறைந்து நின்றபடியே மூச்சு முட்டிச் சாகும். அந்த மந்தை போனால் அவளுக்கு இந்த மண்ணில் வேலை இல்லை. டவுனில் மகள் வீட்டு மாடி அறைதான் கதி. கம்பி வெட்டும் குறடை எடுத்துக்கொண்டாள். ஓரத்து வேலியைக் கையுறையால் தடவிக்கொண்டே தெற்கே நடந்தாள். கண் இமை ஒட்டிக்கொண்டது. முட்டாள், முட்டாள் என்று தன்னையே திட்டிக்கொண்டு போனாள்.

தெற்கு மூலையில் கைக்கு வேலி அகப்படவில்லை. காலடியில் வெட்டுப்பட்ட கம்பி சுருண்டு கிடந்தது. அந்தப் பக்கம் டிராக்டர் விளக்கு மங்கலாகத் தெரிந்தது.

"யாரது? அண்ணியா? இந்தக் காத்துல சாகவா கெளம்பி வந்தீங்க?"

"என் மாடுக..."

"முக்காவாசி காத்துக்கு மறைவா என் மரத்தோப்புக்குள்ள போயிருச்சு. நீங்க மொதல்ல வண்டில ஏறுங்க."

"நீ எதுக்குடா வெட்டின?"

"உங்களுக்காக ஒண்ணும் வெட்டல. மத்தியானத்துலேர்ந்து கத்துதுங்க. எவ்வளவு நேரம் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கிறது?"

அவள் டிராக்டரில் ஏறிக்கொண்டாள். அவன் வீட்டு அடுப்பருகே அவள் நாற்காலியிலேயே தூங்கிப் போனாள்.

விடிந்தபோது வானம் ஒன்றும் நடக்காதது போல நீலமாக இருந்தது. மாடுகள் பிழைத்துவிட்டன. கன்றுகளில் சில பிழைக்கவில்லை. அவளுடைய மாடு ஒன்று, வெள்ளை மூஞ்சிக்காரி, செத்துப்போன தன் கன்றை விடாமல் நக்கிக்கொண்டிருந்தது.

லீலண்ட் கொட்டகையிலிருந்து ஈரம் காயாத ஒரு கன்றைத் தூக்கி வந்தான்.

"இதோட தாய் எங்கடா?"

"செத்துப்போச்சு. தலைச்சன் ஈத்துக் கிடேரி. நேத்து ஈனுச்சு. கூடவே கர்ப்பப்பையும் வெளிய வந்துருச்சு. பக்கத்துல ஆளு இருந்திருந்தா உள்ள தள்ளியிருக்கலாம்."

"நேத்து எப்ப?"

அவன் கத்தியைத் துடைத்தான். நேற்று அவன் எங்கே இருந்தான் என்று அவளுக்குத் தெரியும்.

"காலப் புடிங்க அண்ணி," என்றான்.

அவள் செத்த கன்றின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். தன் கன்றின் வாசனை அடித்தால்தான் மாடு வேற்றுக் கன்றைச் சேர்க்கும்; அவன் வாலோடு சேர்த்துத் தோலை உரித்தான். காலுக்கு நான்கு ஓட்டை போட்டு, அனாதைக் கன்றுக்குச் சட்டை போல மாட்டி, வயிற்றின் அடியில் கயிற்றால் கட்டினார்கள். கட்டும்போது இருவர் விரல்களும் ரத்தத்தில் வழுக்கின. கன்று தள்ளாடிப் போய் வெள்ளை மூஞ்சிக்காரியின் அடியில் முட்டியது. மாடு உதைத்தது. கன்று விழுந்து எழுந்து மறுபடி போனது.

"உன் கன்னு, என் மாடு," என்றாள் எல்டா. "வேலிக்கு எந்தப் பக்கத்துல விடறது?"

"மொதல்ல ஏத்துக்குதான்னு பாப்போம். சும்மா இருங்க."

மாடு தலையைத் திருப்பி, கன்றின் பின்புறத்தை நெடுநேரம் மோந்தது. தொண்டைக்குள் மெதுவாக ஒரு சத்தம் எழுப்பியது. கன்று காம்பைக் கவ்விக்கொண்டது. அதற்கு இப்போது இரண்டு வால்கள். மேலே இருந்தது அசையாமல் தொங்க, அடியில் இருந்தது படபடவென்று ஆடிக்கொண்டிருந்தது.