பச்சைப் பொத்தான்

நாய் மறுபடியும் முகத்தைத் திருப்பிக்கொண்டது.

மாவு மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் பாதி உடம்பை நுழைத்து, முழங்கையை ஊன்றி, பால் கிண்ணத்தை நீட்டிக்கொண்டிருந்தாள் மகள். அப்பாவை அடக்கம் செய்துவிட்டு வந்து இன்னும் உடுப்பைக்கூட மாற்றவில்லை. முழங்காலெல்லாம் மாவு. காலிச் சாக்குகளின் மேல் நாய் படுத்திருந்தது. அதன் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு குட்டிகள் முட்டிக்கொண்டிருந்தன. ஓரத்தில் இருந்த சின்னக் குட்டி மட்டும் முட்டுவதையும் விட்டுவிட்டுச் சும்மா கிடந்தது.

"குடிம்மா... என் கண்ணுல்ல? செல்லம்ல? ஒரே ஒரு வாய்."

நாய் அவளை ஒரு பார்வை பார்த்தது. கண்ணாம், செல்லமாம்! பிறந்ததிலிருந்து அதற்கு இந்த வீட்டில் ஒரே பெயர்தான்: மூதேவி. அப்பா வைத்தது. "அடியே மூதேவி, எங்கடி போய்த் தொலைஞ்ச?" என்று தெருக்கோடிவரை கேட்கும்படி அவர் ஒரு சத்தம் போட்டால் போதும், எங்கே இருந்தாலும் வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடிவரும். அந்தப் பெயரை இன்றைக்கு எப்படிச் சொல்வது? கூடத்தில் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். நேற்று வாய் தவறி ஒரு தடவை கூப்பிட்டதற்கே அத்தை நெஞ்சில் கையை வைத்துக்கொண்டுவிட்டாள்.

"ஏண்டி, புருஷனப் பறிகொடுத்துட்டு உக்காந்திருக்கறவ காதுல விழற பேச்சா இது?"

நாயைத்தான் சொன்னேன் அத்தை என்று விளக்குவதற்குள் அவளுக்குப் போதும் போதுமென்று ஆகிவிட்டது.

"அக்கா," என்று பின்னால் தம்பியின் குரல் கிசுகிசுத்தது. "குடிச்சுதா?"

"எங்க குடிச்சுது? மோந்துகூடப் பாக்கல."

"முட்டை?"

"அதுவும் இல்ல. எலும்புச் சாறு இல்ல, ரொட்டி இல்ல. எல்லாத்தையும் வச்சுப் பாத்தாச்சு."

தம்பி கையில் போனை வைத்துக்கொண்டு பூனைமாதிரி நடந்து வந்து குந்தினான். குட்டி போட்ட நாய்க்கு அமைதி வேண்டும், இருட்டு வேண்டும், யாரும் சத்தம் போடக்கூடாது என்று எங்கேயோ படித்திருந்தான். நேற்று அதன்படியே தாயையும் குட்டிகளையும் பின்கட்டு அறைக்குத் தூக்கிக்கொண்டு போய், ஜன்னலுக்குப் போர்வை கட்டி, பஞ்சு மெத்தை போட்டு, ராஜ உபசாரம் செய்தான். மூதேவி ஒவ்வொரு குட்டியாகப் பல் படாமல் கவ்விக்கொண்டு, துக்கம் கேட்க வந்தவர்களின் கால்களுக்கு நடுவே புகுந்து, திரும்ப இந்தச் சாக்குக்கே வந்து சேர்ந்தது. அதற்கப்புறம் தம்பி இந்த அறையையே இருட்டாக்கிவிட்டு, வீட்டில் யாரும் குரலை உயர்த்தக்கூடாது என்று உத்தரவு போட்டுவிட்டான்.

குரலை உயர்த்தக்கூடாதாம், இந்த வீட்டில்! பிறந்ததிலிருந்து மெஷின் சத்தத்துக்கு மேல் கத்திக் கத்தியே பேசிப் பழகிய குடும்பம். அக்கா, தம்பி இரண்டு பேருமே பள்ளிக்கூடத்தில் ரகசியம் பேசி மாட்டிக்கொள்ளாத நாள் கிடையாது. இவர்கள் ரகசியம் அடுத்த வகுப்புக்கும் கேட்கும். சத்தம் மிஞ்சிப்போனால் வாயசைவைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். மெஷினின் இந்தப் பக்கம் அம்மா நின்று உதட்டை அசைத்தால், அந்தப் பக்கத்திலிருந்து அப்பா சரியாகப் பதில் சொல்வார். சண்டைகூட அப்படியே போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட வீடு நேற்றிலிருந்து மூச்சு விடாமல் கிடந்தது.

"டாக்டர் என்னடா சொன்னாரு?"

"தாய்க்கு உள்ள ஏதாவது போனாத்தான் குட்டிக்குப் பால் வருமாம். சாயந்திரம் வரைக்கும் பாருங்க, இல்லேன்னா தூக்கிட்டு வாங்கன்னாரு." தம்பி ஓரத்துக் குட்டியைத் தொட்டுப் பார்த்தான். "இது தாங்காதுபோல இருக்குக்கா."

"வாயக் கழுவு."

கோபமாகச் சொல்லிவிட்டு அவளும் அந்தக் குட்டியை விரலால் தடவிப் பார்த்தாள். இந்தக் குட்டிகளை இந்த உலகத்துக்குக் கொண்டுவந்ததுதான் அப்பா கடைசியாகச் செய்த வேலை. ராத்திரி முழுக்கக் கண் விழித்து, நாய் பக்கத்திலேயே உட்கார்ந்து, திட்டிக்கொண்டே தண்ணீர் காட்டி, ஒவ்வொன்றாகத் துடைத்து எடுத்தாராம். விடிந்ததும் அம்மா சாப்பாட்டுத் தட்டோடு வந்திருக்கிறாள். "மொதல்ல அது தின்னட்டும், அப்புறம் நான்" என்றாராம். பேக்கரிக்காரருடைய கோதுமையை மேல்தொட்டியில் கொட்டி, மெஷினை ஓட்டிவிட்டு, நாய்க்குக் கிண்ணத்தை வைத்துவிட்டு, வழக்கமாக உட்காரும் அரிசி மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். அப்படியே போய்விட்டார். இப்போது ஒரு குட்டி போனாலும் அப்பாவை இன்னொரு தடவை தூக்கிக்கொண்டு போவதுபோலத்தான் இருக்கும். அவளால் அது முடியாது.

கூடத்தில் யாரோ கரண்டியைத் தவறவிட்டார்கள்.

நாயின் காதுகள் விறைத்தன. வாசல் பக்கம் தலை திரும்பியது. வெளியே செருப்புச் சத்தம், குழாயில் தண்ணீர் சொட்டும் சத்தம், அத்தையின் பெருமூச்சு. ஒவ்வொன்றுக்கும் காது ஒரு திருப்பு, கண் ஒரு திருப்பு. குட்டிகளின் மேல் முன்காலைக் குறுக்கே போட்டுக்கொண்டு, புதையலைக் காவல் காக்கிற மாதிரி படுத்திருந்தது. கண்கள் சிவந்து கிடந்தன. அதுவும் தூங்கவில்லை என்பது அப்போதுதான் மகளுக்கு உறைத்தது.

அவள் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். துக்கம் கேட்க வந்தவர்கள் போய்விட்டார்கள். அத்தை மட்டும் தன் தம்பியின் படத்துக்கு எதிரே கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். அம்மா ஜன்னலோரத்து நாற்காலியில். பக்கத்தில் முக்காலியில் தட்டு, மேலே இன்னொரு தட்டு கவிழ்த்து மூடியிருந்தது. நேற்றுக் காலை அப்பாவுக்கென்று போட்ட தட்டு. அதை எடுக்கப்போன கையை அம்மா தட்டிவிட்டிருந்தாள். நேற்றிலிருந்து அவள் அழவும் இல்லை, பேசவும் இல்லை, பச்சைத்தண்ணி பல்லில் படவில்லை.

"தின்னலியா?" என்றாள் அத்தை.

"இல்ல அத்தை."

"வாயில்லா ஜீவனுக்கும் தெரியுது பாரு, வளத்தவன் போயிட்டான்னு."

"அதெல்லாம் இல்ல," என்றாள் அம்மா.

இரண்டு பேரும் திரும்பினார்கள். தொண்டை கட்டிப்போய், யாருடைய குரலோபோல் இருந்தது.

"அது எப்படித் தின்னும்? அதுக்கு இன்னும் டூட்டி முடியலையே."

அத்தை மகளைப் பார்த்தாள். புத்தி பிசகிவிட்டதா என்று கேட்கிற பார்வை. ஆனால் மகளுக்குப் புரிந்தது. வருஷக்கணக்காகத் தினமும் காலையில் கேட்டு எழுந்த வார்த்தைதான் அது. ராத்திரி முழுக்க வாசலில் காவல் கிடக்கும் நாய். காலையில் மெஷின் ஓட ஆரம்பித்ததும் கிண்ணத்தை வைத்து, அந்தச் சத்தத்துக்கு மேல் அப்பா கத்துவார்: "டூட்டி முடிஞ்சிதுடி மூதேவி, தின்னுட்டுத் தூங்கு!" மெஷின் சத்தம் கேட்டால்தான் அது தலையைக் குனியும். சத்தம் இல்லையென்றால் அதற்கு இன்னும் ராத்திரி. நேற்றிலிருந்து விடியவே இல்லை.

"நேத்துப் பாதி தின்னுட்டிருந்தது," என்றாள் அம்மா, தட்டைப் பார்த்தபடி. "நான் நிறுத்தினதும் நிமிந்துது. அப்பறம் வாய் வைக்கல."

"அப்ப மெஷினப் போட்டுடலாம்," என்று எழுந்தே விட்டாள் மகள்.

"என்னது?" அத்தை நீட்டிய காலை மடக்கினாள். "அடக்கம் பண்ணிட்டு வந்த ஈரம் காயல, மில்லு ஓட்டறாளுங்களாம்! கேக்கறவன் காறித் துப்ப மாட்டான்? எந்தம்பி போனதும் கல்லாவத் தொறந்துட்டாங்கன்னு பேசுவாங்கடி."

"பேசட்டும் அத்தை. உங்க தம்பி ராவெல்லாம் முழிச்சுக் காப்பாத்துனதுங்க அதுங்க. அதுங்க போயிட்டா ஊரா வந்து அழப்போவுது?"

அத்தை முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு படத்தின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, மகள் அறை நடுவில் போய் நின்றபோதுதான் சிக்கல் தெரிந்தது. அது ஒரு கிழட்டு மோட்டார். வெறுமனே பொத்தானை அழுத்தினால் முனகும், சுற்றாது. மூலையில் ஒருவர் பெல்ட்டைக் கையால் ஒரு தள்ளுத் தள்ளவேண்டும். அதே நொடியில் கூடத்துக் கதவுப் பக்கத்துச் சுவரில் இன்னொருவர் பச்சைப் பொத்தானை அழுத்தவேண்டும். ரிப்பேர்காரர் எத்தனையோ தடவை மாற்றித் தருகிறேன் என்று சொல்லியும் அப்பா கேட்கவில்லை. "எதுக்குய்யா? அதான் ரெண்டு பேரு இருக்கோமே" என்பார். அவர் பெல்ட்டைத் தள்ளி "போடு!" என்று கத்துவார். டீத் தம்ளரோடு வரும் அம்மா போகிற போக்கில் முழங்கையால் அழுத்திவிட்டுப் போவாள். கல்யாணம் ஆன நாளாக அப்படித்தான்.

தம்பி பொத்தான் பக்கம் போனான். அவள் பெல்ட்டைத் தள்ளினாள். அவன் அழுத்தியது பிந்திவிட்டது. மோட்டார் உறுமிவிட்டு அடங்கியது. இன்னொரு தடவை, இந்தத் தடவை முந்திவிட்டான். புகைந்த ரப்பர் நாற்றம் வந்தது. நாய் பயந்துபோய்க் குட்டிகளை மூக்கால் அடியில் தள்ளிக்கொண்டது.

"விடுக்கா, மோட்டார் எரிஞ்சிடும்."

"அம்மா!" என்று கத்தினாள் மகள். நேற்றிலிருந்து இந்த வீட்டில் எழுந்த முதல் பெரிய சத்தம். "அம்மா, இங்க வா!"

அம்மா வந்தாள். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றுவிட்டாள்.

"நான் தொடமாட்டேன்."

"ஏம்மா?"

"நாந்தான் நிறுத்தினேன்." அம்மா பச்சைப் பொத்தானுக்குக் கீழே இருந்த சிவப்புப் பொத்தானைப் பார்த்தாள். "கூப்பிட்டேன், திரும்பல. சத்தத்துல கேக்கலையோன்னு நிறுத்தினேன். நிறுத்தினதும் அவரும்..." பார்வை அரிசி மூட்டைக்குப் போனது. "ஓடிட்டிருந்தவரைக்கும் நல்லாத்தான் உக்காந்திருந்தாருடி."

ஒன்றரை நாளாக இந்தப் பைத்தியக்கார நினைப்பை மென்றுகொண்டா உட்கார்ந்திருந்தாள் இவள்! மகளுக்குப் போய்க் கட்டிக்கொள்ளவேண்டும்போல் இருந்தது. கட்டிக்கொண்டால் இரண்டு பேரும் அழுதே சாயந்திரம் ஆகிவிடும். அவள் ஓரத்துக் குட்டியை எடுத்து, அம்மாவின் உள்ளங்கையில் வைத்தாள். சில்லிட்டிருந்தது. வாய் மட்டும் காற்றைச் சப்பியது.

அம்மா அதை முந்தானையில் போட்டு மூடிக்கொண்டாள்.

மகள் மூலைக்குப் போனாள். மேல்தொட்டியில் பேக்கரிக்காரரின் கோதுமை பாதி அப்படியே இருந்தது. பாவம், அடக்கத்துக்கு வந்து கடைசிவரை நின்ற மனுஷன், மாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் பெல்ட்டில் கையை வைத்தாள். அப்பா நிற்பதுபோல் இடது காலை முன்னால் வைத்து, மூச்சை இழுத்து, முழு பலத்தோடு தள்ளிவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள்.

"போடு!"

அம்மாவின் முழங்கை தானாகப் போய்ப் பொத்தானில் இடித்தது.

மெஷின் பிடித்துக்கொண்டது. தரை அதிர்ந்தது, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது, சுவரில் மாட்டியிருந்த சல்லடைகள் படபடத்தன. கூடத்திலிருந்து எட்டிப்பார்த்த அத்தையின் வாய் அசைவது தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. இந்த மெஷினிடம் அந்த ஒரு நல்ல குணம் உண்டு.

மகள் மண்டியிட்டுக் கிண்ணத்தைத் தள்ளினாள். வயிற்றிலிருந்து குரலெடுத்துக் கத்தினாள்:

"டூட்டி முடிஞ்சிதுடி மூதேவி! தின்னுத் தொலை!"

நாய் அவளையே பார்த்தது. பிறகு அரிசி மூட்டைப் பக்கம் ஒரு தரம் பார்த்தது. விறைத்திருந்த காதுகள் மெல்லச் சாய்ந்தன. கழுத்தை நீட்டி மோந்தது, நாக்கை விட்டது. ஒரு நக்கு, இரண்டு நக்கு, அப்புறம் நிறுத்தவே இல்லை. பால் தீர்ந்து, தம்பி ஓடிப்போய்க் கொண்டுவந்த முட்டை தீர்ந்து, ரொட்டியும் போனது. அம்மா குனிந்து முந்தானையிலிருந்த குட்டியை எடுத்து, மற்றவற்றை ஒதுக்கிவிட்டு, நல்ல காம்பாகப் பார்த்து அதன் வாயை வைத்தாள். விழுந்தது. மறுபடி வைத்தாள். விரலால் தாங்கிப் பிடித்துக்கொண்டே இருந்தாள், அது பற்றிக்கொள்ளும்வரை.

பிறகு எழுந்து துணிக்குழாய் வழியாகத் தகர டின்னில் கொட்டும் மாவில் கையை நீட்டினாள். இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தாள், அவர் பார்ப்பதுபோல. முகத்தைச் சுளித்துக்கொண்டு, அரவைக் கல்லை நெருக்கும் கைச்சக்கரத்தைக் கொஞ்சம் இறுக்கினாள். கல்லின் சத்தம் மாறியது. புருவத்தில் மாவு படியத் தொடங்கியிருந்தது.

அப்படியே சக்கரத்தில் கையை வைத்தபடி, மெஷினுக்கு அந்தப் பக்கம் கிடந்த அரிசி மூட்டையைப் பார்த்து அவள் உதடு அசைந்தது. அந்தச் சத்தத்தில் எதுவும் கேட்காது. ஆனால் இந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேட்கவேண்டிய அவசியம் இல்லை.

'தின்னுடுச்சுங்க. இப்ப நீங்க வாங்க.'

மகள் சட்டென்று மேல்தொட்டி பக்கம் திரும்பிக்கொண்டாள். கோதுமை நடுவில் குழிந்து இறங்கிக்கொண்டிருந்தது. ஓரத்தில் தங்கியதைக் கையால் வழித்து வழித்து நடுவில் தள்ளிக்கொண்டே இருந்தாள்.