ஒன்பதாம் வளைவில் கேட்ட சொல்

1999 பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பொன்முடி மலைப்பாதையின் ஒன்பதாம் வளைவில் இருந்தவர்கள் நான்கு பேர். சொரிமுத்து மேஸ்திரியின் மூத்த மகன் வன்னியராஜ். இளைய மகன் சுஜின். நாகர்கோவிலில் பிறந்து, திருவனந்தபுரத்தில் வேறொரு கிளப்புக்காக சைக்கிள் ஓட்டிய தாணுலிங்கம். இவர்களுக்குச் சற்றுப் பின்னால், மாற்றுச் சக்கரங்கள் ஏற்றிய ஜீப்பில், அண்ணன் தம்பிக்குத் தாய்மாமன் மகனான செல்வின். வேறு ஒருவரும் இல்லை. தானும் அங்கே நின்றதாகப் பிற்பாடு சொல்லித் திரிந்தவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் மலையுச்சியில், முடிவுக்கோட்டின் பக்கத்தில் பழம்பொரி தின்றுகொண்டிருந்தார்கள்.

கிழக்கேகோட்டையில் காலை ஆறரைக்குப் புறப்பட்டு, நெடுமங்காடு, விதுரை தாண்டிக் கல்லாறு வந்து, அங்கிருந்து இருபத்திரண்டு வளைவுகள் ஏறி முடிகிற ஒருநாள் பந்தயம் அது. மூன்று ஆண்டுகளாகத் தாணுலிங்கம்தான் ஜெயித்துக்கொண்டிருந்தான். அவன் ஜெயிக்கும் விதமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்னால் போகிறவனின் பின்சக்கரத்தோடு நாலு விரல் இடைவெளியில் ஒட்டிக்கொள்வான். காற்றையெல்லாம் முன்னவன் நெஞ்சில் வாங்குவான். இவன் சும்மா வருவான். கடைசி இருநூறு மீட்டரில் எழுந்து நின்று மிதிப்பான். அதற்குள் முன்னவனிடம் கால் என்று ஒன்று மிச்சம் இருக்காது. மூன்று முறையும் அப்படித் தோற்றவன் வன்னியராஜ்.

அந்த ஆண்டு பந்தயத்தில் இன்னொன்றும் இருந்தது. இருபத்தைந்து வயதுக்கு உட்பட்டவன் முதலில் வந்தால், விளையாட்டு ஒதுக்கீட்டில் ஓர் அரசு வேலை. சுஜினுக்கு இருபத்தொன்று. தாணுலிங்கத்துக்கு இருபத்துநாலு. வன்னியராஜுக்கு இருபத்தேழு ஆகிவிட்டது. அவன் ஜெயித்தாலும் அவனுக்கு அதில் ஒன்றுமில்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் பேசியவர்கள் யாரும் வைத்துக்கொள்ளவில்லை.

தம்பி ஜெயிக்க வேண்டும், அவ்வளவுதான் வன்னியராஜுக்கு. டைல்ஸ் பதிக்கும் வேலை அவனுடையது. நாள் முழுக்க முட்டிபோட்டுத் தவழ்ந்துவிட்டு, விடியற்காலையில் தம்பியை எழுப்பிச் சாலைக்குக் கூட்டிப்போனான், இரண்டு வருடம். திட்டத்தையும் அவனே போட்டான். கல்லாற்றிலிருந்து தான் முன்னால் நின்று ஒரே சீராக, ஒரு நொடி தளர்த்தாமல் இழுப்பது. கனத்த உடம்புக்காரனான தாணுலிங்கத்தின் கால் அதில் செத்துப்போகும். எடை குறைந்த சுஜின் அண்ணனின் நிழலில் வருவான். பதினைந்தாம் வளைவில் அண்ணன் ஒதுங்கிக் குரல் கொடுப்பான், தம்பி பாய்வான். அதுவரை அண்ணன் திரும்பிப் பார்க்கக் கூடாது. முன்னால் போகிறவன் திரும்பிப் பார்த்தால் அவனுக்கு மூச்சு முட்டுகிறது என்று தாணுலிங்கம் தெரிந்துகொள்வான்.

அண்ணன் தம்பியின் கிளப்பில் இவர்களைத் தவிர எல்லோரும் மலையாளிப் பையன்கள். அதனால் சைக்கிளில் ஏறிவிட்டால் இவர்கள் வாயிலும் வருவது மலையாளச் சொற்கள்தான். மாறு என்றால் முன்னவன் விலக வேண்டும். வலிக்கு என்றால் இழு, வேகத்தைக் கூட்டு என்று பொருள். அன்று விதுரைக்கு முன்னால் கூட்டம் மந்தமானபோது சுஜின்தான் பின்னாலிருந்து, “அண்ணே, வலிக்கு” என்றான். வன்னியராஜ் இழுத்தான். கூட்டம் பிய்ந்து மூன்று பேர் மட்டும் மிஞ்சினார்கள்.

அதற்கும் முன்பு, நெடுமங்காட்டில், ஒரு நாய் குறுக்கே வந்து சுஜின் விழுந்திருந்தான். வலது முட்டி கல்லில் இடித்தது. எழுந்து துரத்திப் பிடித்து வந்து சேர்ந்துகொண்டான். “ஒண்ணுமில்லண்ணே” என்றான். வன்னியராஜ் மேற்கொண்டு கேட்கவில்லை.

நாலாம் வளைவில் தாணுலிங்கம் வாயைத் திறந்தான்.

“என்ன அண்ணாச்சி, பொண்ணு பாக்கவா போறிய? கொஞ்சம் சவுட்டி மிதிங்க.”

“அவசரம்னா முன்னால வாயேன்டே.”

“எனக்கு என்னத்துக்கு? இங்க நல்ல நெழலாட்டு இருக்கு.”

சுஜின் சிரித்தது வன்னியராஜுக்குக் கேட்டது. தம்பிக்கு இன்னும் மூச்சு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டான்.

ஒன்பதாம் வளைவில் அந்தக் குரல் வந்தது. “அண்ணே, வலிக்கு.”

“செரி” என்றான் வன்னியராஜ். கியரை ஒரு பல் கூட்டி மிதித்தான்.

இருபது மிதி போயிருக்கும். மறுபடியும், “வலிக்குண்ணே. வலிக்கு.”

பயலுக்கு இன்று கால் பறக்கிறது, பதினைந்து வரை பொறுக்க மாட்டேன் என்கிறான் என்று வன்னியராஜுக்கு நெஞ்சு நிறைந்தது. “தெரியும்ல. ஒட்டிக்கிட்டே வா” என்று சொல்லி, இன்னும் ஏற்றி மிதித்தான். நுரையீரல் எரிந்தது. கண்ணுக்கு முன்னால் தார் மட்டும் தெரிந்தது. பின்னால் ஒரு டயரின் சத்தம் விடாமல் வந்துகொண்டிருந்தது. தம்பி இருக்கிறான் என்று அந்தச் சத்தம் சொன்னது.

பதினைந்தாம் வளைவில் அவன் வலப்பக்கம் ஒதுங்கி, இருந்த உயிரையெல்லாம் கூட்டி, தம்பியைப் போகச் சொல்லி, “போல” என்று கத்தினான்.

போனது தாணுலிங்கம்.

சுஜின் பதினோராம் வளைவிலேயே விழுந்துவிட்டிருந்தான். தாணுலிங்கம் அவனைச் சுற்றிக்கொண்டு முன்னேறி, ஒரு சத்தமும் காட்டாமல் அண்ணனின் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தான். தம்பிக்கென்று வைத்திருந்த பலம் முழுவதையும் கொடுத்து வன்னியராஜ் தாணுலிங்கத்தை நாலு வளைவு தூக்கிப்போய்விட்டு, வழியும் விட்டிருக்கிறான்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் தெளிவாகச் சொன்னார். விழுந்த அடி மட்டும் என்றால் மூன்று வாரத்தில் சரியாகியிருக்கும். அதோடு மலை ஏறியதில் முட்டிக்குக் கீழே தசைநார் அறுந்துபோயிற்று. தைக்கலாம், நடக்கலாம். பந்தயம் ஓட்ட முடியாது.

மூன்றாம் நாள்தான் சுஜின் பேசினான்.

“ரெண்டு மட்டம் சொன்னேன்ல.”

“என்னல சொன்ன?”

“வலிக்குன்னு.”

வன்னியராஜ் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டான். வீட்டில் வலிக்கு என்றால் வலிக்கிறது. காய்ச்சல் வந்தாலும் பல் நொந்தாலும் அவர்கள் வீட்டில் அந்தச் சொல்தான். அதையே சாலையில் கேட்டால் இழு. இருபது வருடமாக இரண்டையும் ஒரே வாயால் சொல்லி வந்திருக்கிறார்கள். ஒரு நாளும் ஒன்றோடொன்று மோதியதில்லை.

“நான் இழுக்கச் சொல்லுதன்னு நெனச்சேன்ல.”

“ரெண்டாவது மட்டமும்?”

“ஆமா.”

“தெரியும்ல, ஒட்டிக்கிட்டே வான்னு சொன்ன. தெரிஞ்சுதான் சொல்லுத, தாங்கிக்கலாம்னு நெனச்சு வந்தேன்.” சுஜின் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். “நல்ல மலையாளம் கேட்டண்ணே.”

சொரிமுத்து மேஸ்திரி மூத்த மகனிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “அவன் சொன்னது உன் காதுல விழுந்துச்சா?”

“விழுந்துச்சுப்பா. ஆனா…”

அவர் எழுந்து போய்விட்டார். ஆனாலுக்குப் பிறகு வருவதைக் கேட்கும் பழக்கம் அவருக்கு இல்லை. அம்மா ஆவுடைத்தாய் மட்டும் மகன் சொன்னதை முழுதும் கேட்டாள். கேட்டுவிட்டு, “நீ அப்பிடிச் செய்ய மாட்ட” என்றாள். அதைத் தம்பியிடம் போய்ச் சொல்லும் துணிவு அவளுக்கும் வரவில்லை.

பேச்சு அதற்குள் ஊருக்குள் இறங்கிவிட்டது. தம்பி வலிக்கிறது என்று கெஞ்சினான், அண்ணன் கேட்டுக்கொண்டே வேகத்தைக் கூட்டினான். தனக்கில்லாத வேலை தம்பிக்கும் கூடாது என்று எதிராளியை இழுத்துப்போய் வழிவிட்டான். ஜீப்பில் வந்த செல்வினுக்கு இன்ஜின் சத்தத்தில் ஒன்றும் கேட்டிருக்கவில்லை. அண்ணன் ஒதுங்கி வழிவிட்டதை, தம்பியைப் பார்க்க நின்றுவிட்ட அவன் கண்டிருக்கவும் முடியாது. ஆகப் பேச்சு கிளம்பிய இடம் ஒன்றுதான்.

வன்னியராஜ் நேரே தாணுலிங்கத்தின் வீட்டுக்குப் போனான்.

“நான் பொய்யொண்ணும் சொல்லலியே அண்ணாச்சி” என்றான் தாணுலிங்கம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னான். “அவன் வலிக்குன்னான். நீங்க செரின்னிய. ஏத்தி மிதிச்சிய. கேட்டத, கண்டதச் சொன்னேன்.”

“அது வலிதான்னு ஒனக்குத் தெரிஞ்சிருக்கு.”

“எங்க வீட்லயும் அதே பேச்சுதானே.”

“அப்பவே ஒரு வார்த்த எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே.”

தாணுலிங்கம் உண்மையாகவே யோசித்தான். “எதிராளிக்குக் கால் நோவுதுன்னு பந்தயத்துல எவன் நிறுத்திச் சொல்லுவான்? நீங்க சொல்லுவியளா?”

வன்னியராஜால் சொல்லுவேன் என்று சொல்ல முடியவில்லை.

“நீ வந்து சுஜின்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லு. பதினஞ்சுல நான் போலன்னு கத்தினது அவனுக்குன்னு நெனச்சுத்தான்னு.”

“நீங்க என்ன நெனச்சியன்னு எனக்கு எப்பிடித் தெரியும் அண்ணாச்சி?”

வன்னியராஜ் நினைத்தது அவனுக்கு மட்டும்தான் தெரியும். சாட்சி கிடையாது.

தாணுலிங்கத்துக்கு ஏப்ரலில் வேலை உத்தரவு வந்தது. சுஜின் தையல் பிரித்த கையோடு விழிஞ்ஞத்தில் இருக்கும் அக்காள் பிரேமாவின் வீட்டுக்குப் போனான். பிற்பாடு அங்கேயே ஒரு மொபைல் கடை போட்டுவிட்டான். வன்னியராஜ் மூன்று முறை போனான். முதல் முறை தம்பி உள்ளே இருந்துகொண்டு வெளியே வரவில்லை. இரண்டாம் முறை வந்தான். வாடிக்கையாளரிடம் பேசுகிற மாதிரி, “எந்தா வேண்டே?” என்று மலையாளத்தில் கேட்டான். மூன்றாம் முறை பிரேமாவே வாசலில் நின்று, “இனி வராதல ராஜு. அவன் ராத்திரி சோறு திங்க மாட்டேங்குறான்” என்றாள். அதற்குப் பிறகு அவன் போகவில்லை.

2006 ஓணத்துக்கு விழிஞ்ஞத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்ததாகவும், எல்லாம் பேசித் தீர்ந்துவிட்டதாகவும் சொந்தத்தில் சொல்லிக்கொள்கிறார்கள். அது சரியல்ல. அன்று சுஜினோடு டீ குடித்தது பிரேமாவின் கணவர். வன்னியராஜ் அந்த வாரம் முழுக்கக் கொல்லத்தில் டைல்ஸ் வேலையில் இருந்தான்.