இரண்டாவது ஸ்டியரிங்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் வண்டிகளில், ஆசிரியர் உட்காரும் பக்கமும் ஒரு ஸ்டியரிங் இருந்தாக வேண்டும் என்று போக்குவரத்துத் துறை தன் விதியைத் திருத்தியது. கற்றுக்கொள்பவர் இடப்பக்கமும் ஆசிரியர் வலப்பக்கமும் திருப்பினால் வண்டி யார் பேச்சைக் கேட்கும் என்பதைத் திருத்தம் சொல்லவில்லை. துறையின் இயக்குநர் ஏதோ கண்காட்சியில் அப்படி ஒரு வண்டியைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆகவே இந்த விஷயத்தில் அவரிடம் எந்த முன்முடிவும் இல்லை.

ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்திவந்த அந்தப் பெண்ணை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவள் பக்கமிருந்த இரண்டாவது பிரேக்கின் மேல் எப்போதும் ஒரு கால் இருக்கும். அந்தக் கால் காப்பாற்றிய மதில்கள் அந்த வட்டாரத்தில் இன்னும் நின்றுகொண்டிருக்கின்றன. அவள் வண்டியைப் பார்த்த மெக்கானிக், இரண்டு ஸ்டியரிங்கையும் ஒன்றோடொன்று இணைத்தால் உள்ளே பாதியை அறுக்க வேண்டும், அதற்கப்புறம் வண்டிக்குத் தான் பொறுப்பில்லை என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

அவள் கணவர் அதே துறையில் வாகன ஆய்வாளர். வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். விதி வந்துவிட்டது, தான் என்ன செய்ய முடியும் என்றார். மற்ற ஆய்வாளர்கள், சக ஊழியரின் மனைவியாயிற்றே என்று அந்தப் பள்ளிப் பக்கமே போகவில்லை. சலுகை காட்டினார் என்று நாளைக்கு யாரும் நாக்கின்மேல் பல்லைப் போட்டுப் பேசிவிடக் கூடாது என்று அவரே போனார். சாவியை வாங்கினார், வண்டிக்குச் சீல் வைத்தார், மனைவியிடம் கையெழுத்தும் வாங்கினார். தினமும் மாலையில் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்து விடுவது அந்த வண்டிதான் என்பது சீல் வைத்த பிறகே நினைவுக்கு வந்தது. அன்று இருவரும் பஸ்ஸில் ஒரே இருக்கையில், தனித்தனியாக டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தார்கள்.

அவருடைய தம்பி வக்கீல். வழக்குகள் வந்து குவியும் வக்கீல் இல்லை. அதனால் அண்ணி சொன்னதைப் பொறுமையாகக் கேட்டான்.

"அண்ணி, ரெண்டு ஸ்டியரிங் நல்லதா கெட்டதான்னு கோர்ட்டு பாக்காது. விதியைத் திருத்தின முறை சரியான்னுதான் பாக்கும். வரைவை எல்லாருக்கும் தெரியற மாதிரி வெளியிட்டு, ஆட்சேபணை கேட்டுட்டுத்தான் திருத்தணும்னு சட்டத்துல இருக்கு. உங்களுக்கு யாராவது சொன்னாங்களா?"

அவள் யோசித்தாள். வரைவு தயாரித்த அலுவலகத்தில் வேலை செய்கிறவரோடு ஒரே வீட்டில் இருந்தும் அவள் காதுக்கு ஒன்றும் எட்டவில்லை. குழம்பில் உப்பில்லை என்பதைத் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிற மனிதர், இதைக் காதும் காதும் வைத்த மாதிரி காப்பாற்றியிருந்தார்.

வழக்குப் போட்டாள். கணவரின் பாடு மத்தளத்தின் பாடாயிற்று. அலுவலகத்தில் இயக்குநர் முறைத்தார்; வீட்டில் மனைவி முறைக்கக்கூட இல்லை.

நீதிமன்றத்தில் துறை கம்பீரமாகப் பதில் சொன்னது. வரைவு முறைப்படி அறிவிப்பாக ஒட்டப்பட்டது, ஓர் ஆட்சேபணைகூட வரவில்லை, ஆகவே மக்கள் ஒருமனதாக வரவேற்றார்கள் என்று கொள்ள வேண்டும் என்றது. ஒட்டியவரை வரச்சொன்னார் நீதிபதி. ஒட்டியவர் நம் ஆய்வாளர்தான். முந்தின நாளே இயக்குநர் அவரைக் கூப்பிட்டு, ஒட்டினேன் என்று மட்டும் சொன்னால் போதும், அதுதானே உண்மை என்று அறிவுரை சொல்லியிருந்தார்.

ஒட்டினேன் என்றார் ஆய்வாளர். எங்கே என்று கேட்டார் நீதிபதி. அலுவலக ஸ்டோர் ரூம் கதவில் என்றார். இத்தோடு விட்டிருந்தால் அன்று அவர் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பார்.

"கதவுக்கு வெளிப்பக்கமா?"

அவர் தம்பியைப் பார்த்தார். மனைவியைப் பார்க்கவில்லை.

"உள்பக்கங்க ஐயா."

"உள்ள யார் போவாங்க?"

"யாரும் போக மாட்டாங்க. பழைய டயர் போட்டு வச்சிருக்கோம்."

டயர்கள் ஆட்சேபணை தெரிவிக்கவில்லை என்பது உண்மைதான். யார் சொல்லி அங்கே ஒட்டினீர்கள் என்ற கேள்விக்கு அவர் இயக்குநரின் பதவியைச் சொன்னார். திருத்தம் செல்லாது என்று தீர்ப்பானது. வண்டி திரும்ப வந்தது.

அன்று மாலை அவள்தான் முதலில் பேசினாள்.

"எதுக்கு உண்மையைச் சொன்னீங்க?"

"கேட்டாரு, சொன்னேன். வெளிப்பக்கமான்னு கேக்காம இருந்தா சொல்லியிருக்க மாட்டேன்."

"எனக்காகச் சொன்னதா இப்ப ஒரு பொய்யாவது சொல்லலாமில்ல?"

"இப்பதாம்மா கோர்ட்டுல சத்தியம் பண்ணிட்டு வந்திருக்கேன்."

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தில்தான் சிரிப்பில்லை. மறுநாள் என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நடந்தது. இயக்குநருக்கு, சாலைப் பாதுகாப்பு பற்றி ஆலோசனை சொல்லும் இன்னும் பெரிய நாற்காலி கிடைத்தது. ஆய்வாளர் சீருடையைக் கழற்றிவிட்டு, ஆட்சேபணைகள் வாங்கும் ஜன்னலுக்குப் பின்னால் உட்காரவைக்கப்பட்டார். நீதிமன்றத்தின் மேல் மிகுந்த மரியாதை கொண்ட துறை, அதே திருத்தத்தை மறுபடியும் வரைந்து, இம்முறை எல்லாப் பத்திரிகைகளிலும் கொட்டை எழுத்தில் வெளியிட்டது. பயிற்சிப் பள்ளிக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். பிரேக் அக்காவும் நின்றாள். தன் முறை வந்ததும் தாளை நீட்டினாள். மூன்று பிரதி வேண்டும் என்றார் கணவர். வீட்டிலேயே கொடுத்திருக்கலாமே என்றாள்.

"வீட்டுல வாங்கினா செல்லாது" என்றார். அந்தச் சொல்லின் அருமை அவருக்கு இப்போது தெரிந்திருந்தது.

எல்லா ஆட்சேபணைகளையும் துறை கவனமாகப் படித்தது. படித்துவிட்டு விதியைக் கொண்டுவந்தது, ஒரே ஒரு மாறுதலுடன்: இரண்டாவது ஸ்டியரிங் இருந்தால் போதும், அது எதையும் திருப்ப வேண்டிய கட்டாயம் இல்லை. தம்பி இரண்டு முறை வாசித்துப் பார்த்துவிட்டு, இது அப்பழுக்கில்லாமல் செல்லும் அண்ணி என்று வருத்தத்தோடு சொன்னான்.

மெக்கானிக் ஒரு பழைய ஸ்டியரிங்கைக் கொண்டுவந்து, அவள் பக்கம் திருகாணி போட்டு மாட்டினான். பகலில் அவள் அதில் கைப்பையைத் தொங்கவிடுகிறாள். மாலையில் ஓட்டுநர் இருக்கைக்கு அவள் மாறிக்கொள்ள, கணவர் அதன் பின்னால் வந்து உட்காருகிறார். வளைவு வரும்போதெல்லாம் அவர் கை தானாக அதைப் பிடித்துத் திருப்பும். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி ஓட்டிக்கொண்டு போவாள்.