எழுந்து நடந்த ஆட்டுக்குப் பத்துக்கு எத்தனை?

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கனவில் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், வெங்காயம் நறுக்காமல் தப்பிப்பதற்காக செல்போனை நோண்டிக்கொண்டிருந்தபோது வந்தது. வீடியோ கேம்களுக்கு மதிப்பெண் போடும் ஒரு பிஷ்கெக் பெண்ணின் காணொளி அது. ஒரு புது விளையாட்டை அக்கு வேறு ஆணி வேறாகப் பிரித்துப் போட்டாள். ஆனால் விளையாட்டின் பெயரை ஒரு தடவைகூடச் சொல்லவில்லை. கடைசியில் மதிப்பெண் சொல்லவேண்டிய இடத்தில் கெட்டிலைத் தூக்கி, பியாலா என்கிற கைப்பிடியில்லாத கிண்ணத்தில் டீ ஊற்றத் தொடங்கினாள். எவ்வளவு ஊற்றினாள் என்று தெரிவதற்குள் காணொளி முடிந்துவிட்டது.

கீழே கமென்ட்டுகளில் ஊரே கூடிக் கத்திக்கொண்டிருந்தது. "அக்கா, எந்த கேம்னு சொல்லித் தொலைங்க!" "டீ எவ்வளவு ஊத்தினீங்க?" நானும் என் பங்குக்குக் கத்தினேன். பதில் வரவில்லை. பதில் வராத இடத்தில்தான் என்னைப் போன்றவர்கள் குடிசை போட்டுக்கொள்வோம்.

2

முதல் வரிகள்:

பிஷ்கெக்கில் பனி கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாலையில்

வெட்டு. வெளிநாட்டில் நடக்கும் கதை என்றால் பனி கொட்டியே தீரவேண்டும் என்று யார் சட்டம் போட்டது? அது ஜூன் மாதம். மருத்துவம் படிக்க வந்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்டு தங்கிவிட்ட எனக்கு ஜூன் மாத வெயில் தெரியாதா? பால்கனியில் சாக்ஸ் அப்பளமாகக் காய்ந்து கிடந்தது.

ஜிபாரின் விழிகள் கன்ட்ரோலரின் பொத்தான்களைப் போல மின்னி

வெட்டு. கன்ட்ரோலரில் பொத்தான் நிறைய, விழி இரண்டுதான்.

விளையாட்டு என்பது மனித குலத்தின் ஆதி உணர்வுகளில்

இதை எழுதும்போது எனக்கே கொட்டாவி வந்தது.

சரி, அந்தக் காணொளிப் பெண்ணிடம் நேராக வருகிறேன். ஜிபார் பொய் மதிப்பெண் போடமாட்டாள். இதுதான் கதையின் முதல் வரி. மேலே இருப்பதையெல்லாம் நீங்கள் படிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

பொய் போடமாட்டாள் என்று சொன்னால் போதுமா? சாட்சி வேண்டாமா? அவள் தீர்ப்புகளில் சில:

செல்போனில் மீன் பிடிக்கும் விளையாட்டு: "ஒரு மீன் சிக்கறதுக்குள்ள பத்து விளம்பரம் சிக்குது. ரெண்டு."

கன்சோலில் பேய் விளையாட்டு: "பேய்க்குக் கதவைத் திறக்கத் தெரியல. முட்டிக்கிட்டே நிக்குது. பயமா இல்ல, பாவமா இருக்கு. நாலு."

கம்ப்யூட்டரில் விண்வெளிப் போர்: "போர் பிரமாதம். ஆனா அதுக்கு முன்னாடி கப்பலுக்குப் பெயின்ட் அடிக்கச் சொல்லி உயிரை வாங்கறான். அஞ்சு."

மூளைக்கு வேலை தரும் புதிர்: "என் வீட்டுக்காரரே முடிச்சிட்டாரு. அப்ப எவ்வளவு சுலபம்னு பாத்துக்கங்க. ஆறு."

எட்டு என்பதை ஒரே ஒரு தடவை போட்டாள், ஒரு விவசாய விளையாட்டுக்கு. "இதுல கழுதை நான் சொன்னதைக் கேக்குது" என்று காரணம் சொன்னாள். ஒரு கம்பெனி அவளை மசியவைக்கச் சட்டை அனுப்பியது. சட்டைக்கு ஏழும் விளையாட்டுக்கு மூன்றும் போட்டாள்.

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். இவள் ரொம்ப நல்லவளாகப் போய்க்கொண்டிருக்கிறாள். ஒரு கெட்ட குணமாவது வேண்டாமா? தோற்றால் கன்ட்ரோலரை வீசி எறிவாள் என்று எழுதிப் பார்த்தேன். சோபாவில்தான் எறிவாள், அதுவும் மெத்தை உள்ள பக்கமாகப் பார்த்து. இதற்குமேல் அவளைக் கெடுக்க என்னால் முடியவில்லை.)

4

நான்காம் பகுதி ஏற்றப்படுகிறது. தயவுசெய்து காத்திருக்கவும்.

(பொறுமை போகிறதல்லவா? ஜிபாருக்கும் போகும். ஏற்ற நேரம் எடுக்கும் எதற்கும் அரை மதிப்பெண் குறைப்பாள். இந்தக் கதைக்கு இப்போதே அரை போய்விட்டது.)

5

வில்லன் வேண்டும். வில்லன் கிடைக்கவில்லை. தோக்தோபெக்தான் கிடைத்தார்.

தோக்தோபெக் ஜிபாருடைய கணவனின் அண்ணன். கனத்த உடம்பு, மெல்லிய குரல், யாரையும் கடிந்து பேசத் தெரியாத மனிதர். பேங்கில் இருந்தார். ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு, வீட்டுப் பின்னறையில் உட்கார்ந்து தனி ஆளாக ஒரு வீடியோ கேம் செய்ய ஆரம்பித்தார். கோக்-போரு விளையாட்டு. குதிரைமேல் இருந்தபடி செத்த ஆட்டைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, எதிரணியின் குழியில் போடவேண்டும். அவருடைய அப்பா, அதாவது ஜிபாரின் மாமனார், இப்போது டயர்க் கடை வைத்திருக்கிறார். வாலிபத்தில் கோக்-போருவில் பெரிய கை. மகன் பேங்கை விட்ட நாளிலிருந்து, "பொத்தானைத் தட்டறதெல்லாம் ஒரு வேலையா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அவர் மனதைக் கரைக்க, மகன் விளையாட்டுக்கு அப்பாவின் பெயரையே வைத்துவிட்டார். குதிரைமேல் இருக்கும் வீரனுக்கும் அதே பெயர்தான்.

அங்கேதான் சிக்கல். இந்த ஊரில் கணவன் பெயரைத் தாராளமாகச் சொல்லலாம், பெயர் சொல்லித் திட்டவும் செய்யலாம். ஆனால் வீட்டு மருமகள், கெலின், மாமனார் பெயரையும் கணவனின் அண்ணன் பெயரையும் வாயில் எடுக்கக்கூடாது. நான் கெலின் இல்லை, அதனால் சொல்கிறேன்: ஷாமிர்கான். அவ்வளவுதான் விளையாட்டின் பெயர். ஜிபாரைக் கட்டிவைத்து அடித்தாலும் அது அவள் வாயில் வராது.

"பைகே, பேரு வைக்கறதுக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே" என்றாள் ஜிபார். பைகே என்றால் அண்ணா.

"அப்பாவுக்கு ஒரு சந்தோஷம்னு வெச்சேன் கெலின்."

"நான் எப்படிச் சொல்வேன்?"

"பேரு கெடக்கட்டும். மார்க்கை மட்டும் உள்ளபடி சொல்லு. அஞ்சுக்குக் கீழ போச்சுன்னா நான் பேசாம பேங்குக்கே திரும்பிப் போயிடறேன். மேனேஜர் இப்பவும் கூப்பிட்டுக்கிட்டுத்தான் இருக்காரு."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. ஜிபார் அன்றே ஆடிப் பார்த்தாள். மனதுக்குள் விழுந்த மதிப்பெண் மூன்று. அன்றைக்குச் சாப்பிடவே பிடிக்கவில்லை அவளுக்கு. பேங்கில் இருந்த காலத்தில் அந்த மனிதரின் முகம் எப்படி இருந்தது என்று அவள் பார்த்திருக்கிறாள். பின்னறைக்குள் போனபிறகு எப்படி மாறியது என்றும் பார்த்திருக்கிறாள்.

6

காணொளியை வீட்டுக் கூடத்திலேயே எடுத்தார்கள். கணவன் அர்ஸ்தான் செல்போனைப் பிடித்துக்கொண்டான். சாப்பாட்டு விரிப்பில் போர்சோக் என்ற பொரித்த மாவுத் துண்டுகளும் ஆப்ரிகாட் ஜாமும் இருந்தன. ஒரு பக்கம் மாமனார், ஒரு பக்கம் தோக்தோபெக். அவர் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

ஜிபாருக்கு ஒரு நியதி உண்டு. கேமராவைப் பார்த்துச் சொன்னால் அது தொழில். பைகேயின் முகத்தைப் பார்த்துச் சொன்னால் அது மரியாதைக் குறைவு. ஆகவே கேமராவை மட்டும் பார்த்துப் பேசினாள். பெயர் வரவேண்டிய இடத்தில் எல்லாம் "எங்க வீட்டுப் பெரியவர்" என்று போட்டுக்கொண்டாள்.

"முதல்ல உருவம். எங்க வீட்டுப் பெரியவருக்கு இடுப்புக்குக் கீழ ஒண்ணும் வரையல. குதிரையில பசை போட்டு ஒட்டின மாதிரி இருக்காரு. திரும்பச் சொன்னா எங்க வீட்டுப் பெரியவரோட தலை மட்டும் திரும்புது, அதுவும் முழுசா ஒரு சுத்து. அப்புறம் வேகமா போனா எங்க வீட்டுப் பெரியவர் சுவத்துக்குள்ள போயிடறாரு. உள்ள போனவர் வர்றதே இல்ல."

"நான் எப்ப சுவத்துக்குள்ள போனேன்?" என்றார் மாமனார்.

"உங்களை இல்ல அத்தா, கேம்ல இருக்கறவரை." அத்தா என்றால் அப்பா.

"அது என் பேருதானே?"

"அதனாலதான் சொல்ல முடியாம தவிக்கிறேன்!"

"தலை முழுசா சுத்துதா? கொடு அந்தச் சனியனை" என்று கன்ட்ரோலரைப் பிடுங்கிக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக அதைத் தொடுகிறார். தலைகீழாகப் பிடித்தார். அர்ஸ்தான் எட்டித் திருப்பிக் கொடுத்தான்.

திரையில் மைதானம், நடுவில் செத்த ஆடு. மாமனார் கண்ட பொத்தானையும் அழுத்தினார். குதிரை புல்லில் நீந்தியது. பார்வையாளர்கள் எல்லாரும் மைதானத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கை தட்டினார்கள். ஆட்டை எடுக்கக் குனிந்தபோது, அந்தச் செத்த ஆடு எழுந்தது. உடம்பை உதறிக்கொண்டது. யாருக்கும் காத்திராமல் தானே நடந்து போய் எதிரணியின் குழியில் இறங்கிக்கொண்டது.

தோக்தோபெக் முகத்தை மூடிக்கொண்டார். "அதைச் சரி பண்ணணும்னு இருந்தேன், அப்பா."

மாமனாரிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. இருமல் என்று நினைத்து ஜிபார் தண்ணீர் எடுக்க எழுந்தாள். இருமல் இல்லை, சிரிப்பு.

"பாத்தியாடா! நடந்தே போயிடுச்சு! நான் ஆடின காலத்துல ஒரு ஆடாவது இப்படி ஒத்தாசை பண்ணியிருக்குமா? மறுபடியும் போடு. போடுங்கறேன்ல!"

மறுபடியும் போட்டார்கள். மறுபடியும் ஆடு நடந்தது. மாமனாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, மீசை நனைந்து, போர்சோக் புரையேறியது. மகன் விரல் இடுக்கு வழியாக அப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். தன் கையால் செய்த ஒன்றைப் பார்த்து அந்த மனிதர் சிரித்து அவர் அதுவரை கண்டதில்லை.

(இந்த வாக்கியத்தை எழுதியபோது எனக்கும் கொஞ்சம் கண் கலங்கியது. வெங்காயம் என்று மனைவியிடம் சொன்னேன். நீங்கதான் வெங்காயத்தைத் தொடவே இல்லையே என்று அவள் கேட்டாள்.)

"சரி கெலின்" என்றார் தோக்தோபெக். முகத்திலிருந்து கையை எடுத்தார். "கேமராவைப் பாக்காத. என்னைப் பாத்துச் சொல்லு. எத்தனை?"

7

பைகேயின் முகத்தைப் பார்த்து "மூணு" என்று சொல்ல ஒரு கெலினுக்கு வாய் வராது. ஆனால் அவளிடம் கெட்டில் இருந்தது.

நம் ஊரில் விருந்தாளிக்கு டம்ளர் வழிய ஊற்றினால் மரியாதை. இங்கே அடியில் கொஞ்சமாக ஊற்றினால்தான் மரியாதை: இருங்கள், இன்னும் பல தடவை ஊற்றுகிறேன் என்று பொருள். நிறைய ஊற்றினால் குடித்துவிட்டுக் கிளம்புங்கள் என்று பொருள். வந்த புதிதில் ஒரு வீட்டில் எனக்கு விளிம்பு வரை ஊற்றினார்கள். எவ்வளவு தங்கமான மனிதர்கள் என்று நெகிழ்ந்து, இருட்டும் வரை உட்கார்ந்திருந்தேன்.

தோக்தோபெக் பியாலாவை நீட்டினார். கூடத்தில் இருந்த எல்லாருக்கும் புரிந்தது. கொஞ்சம் ஊற்றினால் ஐந்தோ அதற்கு மேலோ, பின்னறை அவருக்கு. நிறைய ஊற்றினால் பேங்க்.

முடிவு அ: நிரம்ப ஊற்றினாள். அவர் கையைச் சுட்டுக்கொண்டே குடித்து முடித்து, பெட்டியிலிருந்து டையை எடுத்து

என்னால் முடியாது. அந்த டையை நான் பார்த்திருக்கிறேன், பழுப்பு நிறம்.

முடிவு ஆ: பரிதாபப்பட்டுக் கொஞ்சமாக ஊற்றினாள். இதை எழுதி முடிக்கும் முன்னே ஜிபார் என் காதுக்குள் வந்து சண்டைக்கு நின்றாள். "சட்டைக்கு மசியாதவ கண்ணீருக்கு மசிஞ்சிட்டான்னு எழுதப்போறீங்களா? நாளைக்கு நான் எட்டு போட்டா எவன் நம்புவான்?" என்றாள். நியாயம்தான். அடித்துவிட்டேன்.

முடிவு இ: செல்போனில் சார்ஜ் தீர்ந்து, காணொளி அறுந்தது. மாமனார் கன்ட்ரோலரைக் கீழே வைக்காமலே, "என் பேரை எடுத்துட்டு ஆட்டோட பேரை வைடா. அந்தக் கூட்டத்துல அதுதான் ஒழுங்கா ஆடுது. இவளும் வாய் திறந்து சொல்லலாம்" என்றார். ஜிபார் முதல் தடவையாகச் சொன்னாள்: "'எழுந்து நடக்கும் ஆடு'. இந்த கேமுக்கு நான் போடற மார்க்கு…"

இது எனக்குப் பிடித்திருக்கிறது. பிடித்திருப்பதால் சந்தேகமாகவும் இருக்கிறது. உருவம் மோசம், இயக்கம் மோசம், சத்தத்தைப் பற்றிப் பேசாமல் இருப்பது நல்லது. ஆனால் டயர்க் கடைக்காரர் ஒருவர் சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குகிறாரே, அதை எந்தக் கட்டத்தில் போடுவது? ஜிபாரும் அதைத்தான் யோசிக்கிறாள். மூன்று என்பது அவள் தனியாக ஆடியபோது விழுந்த மதிப்பெண். இப்போது கூடத்தில் நால்வர் இருக்கிறார்கள். இதையும் சேர்த்துக்கொண்டால் அது நேர்மையா, சாக்கா? அவளுக்கும் தெரியவில்லை. அவளுக்கே தெரியாதபோது நான் எழுதினால் அது பொய் மதிப்பெண் ஆகிவிடும்.

8

அதனால் கெட்டிலை உங்களிடம் கொடுத்துவிட்டு நான் நகர்ந்துகொள்கிறேன். கைப்பிடி சூடாக இருக்கும், துணி வைத்துப் பிடியுங்கள்.

இந்தக் கதைக்கு எத்தனை என்று ஜிபாரைக் கேட்டுப் பார்த்தேன். "நாலாவது பகுதி இல்லவே இல்ல, முடிவு இல்ல, ஆடு மட்டும் நல்லா இருக்கு. அஞ்சு" என்றாள். அஞ்சு என்றால் நானும் வேறு வேலை தேடவேண்டியதில்லை என்று எடுத்துக்கொண்டேன்.

அங்கே மாமனார் மறுபடியும் ஆட்டத்தைப் போட்டுவிட்டார். ஆடு எழுந்துகொண்டிருக்கிறது. தோக்தோபெக் திரையைப் பார்க்கவில்லை, பியாலாவை நீட்டியபடி உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அவருக்குக் கை வலிக்கும். ஊற்றுங்கள்.